ட்ரெட்மில்லை விட்டுட்டு சுருளி ரோட்டுல ஓடினா பூமிக்கு நல்லதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் மோட்டார் சத்தத்தையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை எங்க ஊர் சுருளிப்பட்டில, வீட்டு மாடில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு, சுருளி அருவிக்குப் போற வழியில இருக்கிற ஊர். நடுநடுவுல மயில் கத்தும், பொறுத்துக்கோங்க.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஆபீஸ்ல ஒரு ரன்னிங் குரூப் இருக்கு. சென்னையில ஞாயித்துக்கிழமை காலையில ஓடுற கூட்டம். நான் இந்த ஊர்க்காரன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரே நச்சரிப்பு. "உங்க ஊர்ல காடு இருக்கு, அருவி இருக்கு, திராட்சைத் தோட்டம் இருக்கு. ஒரு ட்ரெயில் ரன் வைப்போம். ஏசி ஜிம்ல ஓடுறதை விட இதுதானே க்ரீன்?" அப்படின்னு. நாப்பது பேர், பத்து கார், ரெண்டு நாள். போஸ்டர் வரைக்கும் போயிட்டாங்க. அதுல பச்சைக் கலர்ல ஒரு இலை வேற.

எனக்கு அந்த இலை மேலதான் சந்தேகம். நான் ஆபீஸ்ல பார்க்கிற வேலையில பாதி, சர்வர் எதனால மெதுவாகுதுன்னு கண்டுபிடிக்கிறது. அந்த வேலைல முதல் பாடம் என்னன்னா, அளந்து பார்க்காம எதையும் மாத்தாதே. எந்த இடம் அதிகமா தின்னுதோ அதைச் சரி பண்ணு, கண்ணுக்குத் தெரியுறதை இல்ல. உடற்பயிற்சிக்கும் அதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த எபிசோடு அந்தக் கணக்குதான்.

முதல்ல எல்லாரும் திட்டுற ட்ரெட்மில். ஓடுற ஆளோட எடையையும் வேகத்தையும் பொறுத்து, ஒரு ட்ரெட்மில் மணிக்கு சுமார் அரை யூனிட்ல இருந்து முக்கால் யூனிட் வரைக்கும் கரண்ட் இழுக்கும். நீங்க அரை மணி நேரம் ஓடுறீங்கன்னா 0.3 யூனிட்னு வெச்சுக்கோங்க. அதோட ஏசி, லைட்டு, அந்தக் காது கிழியுற ஸ்பீக்கர், இதுல உங்க பங்கு ஒரு 0.2 யூனிட். மொத்தம் அரை யூனிட். மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் வெளியிடுற கணக்குப்படி, நம்ம நாட்டு மின்கட்டமைப்புல 1 யூனிட் கரண்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது. நிலக்கரி அதிகம்ல, அதனால. அப்போ ஒரு நாளைக்கு ஜிம்முக்குள்ள உங்க கணக்கு 0.35 கிலோ. வருஷத்துக்கு 300 நாள் போனா 105 கிலோ.

இப்ப ஜிம்முக்கு எப்படிப் போறோம்னு பார்ப்போம். எங்க ஊர்ப் பசங்க கம்பத்துல இருக்கிற ஜிம்முக்குப் போறாங்க. போக வர பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் குடுக்கிற பைக்குல 12 கிலோமீட்டர் போனா 0.55 கிலோ. வருஷத்துக்கு 165 கிலோ. அதே தூரத்தை 15 கிலோமீட்டர் மைலேஜ் குடுக்கிற கார்ல தனியா போனா? நாளைக்கு 1.8 கிலோ, வருஷத்துக்கு 550 கிலோ.

பார்த்தீங்களா? ஜிம்முக்குள்ள இருக்கிற மெஷினை விட, ஜிம்முக்குப் போற ரோடு பெருசு. கார்ல போறவங்களுக்கு அஞ்சு மடங்கு. சென்னைல வேளச்சேரில இருந்துக்கிட்டு "அந்த ட்ரெய்னர் நல்லவர்"னு அண்ணா நகர் ஜிம்முக்குக் கார்ல போற ஆளை எனக்குத் தெரியும். அங்க போய் அவர் வார்ம் அப்புக்கு சைக்கிள் ஓட்டுவார். ஓடாத சைக்கிள்.

அதனால ட்ரெட்மில்லை விடுறதா வேணாமாங்கிறது ரெண்டாவது கேள்விதான். நடந்தோ சைக்கிள்லயோ போற தூரத்துல ஒரு சுமாரான ஜிம் இருந்தா, அதுல ட்ரெட்மில் இருந்தாலும், தூரத்துல இருக்கிற "எக்கோ ஜிம்"மை விட அது தேவலை.

எக்கோ ஜிம்முன்னதும் ஞாபகம் வருது. சைக்கிள் மிதிச்சா கரண்ட் தயாராகும், நீங்க ஓடி ஊருக்கு வெளிச்சம் குடுக்கலாம்னு வெளிநாடுகள்ல சில ஜிம் விளம்பரம் பண்றாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா சாதாரண ஆள் விடாம மிதிச்சா சுமார் 100 வாட் வரும். ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க மிதிச்சா 0.1 யூனிட். பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு ஒன்றரை மணி நேரம் போல சுத்தும், அவ்வளவுதான்.

எங்க பக்கத்துல இருந்தே ஒரு ஒப்பீடு சொல்றேன். கம்பத்துல இருந்து குமுளிக்குப் போறப்ப லோயர் கேம்ப் வரும். மலைச்சரிவுல நாலு ராட்சதக் குழாய் இறங்கும், பஸ்ல போன எல்லாரும் பார்த்திருப்பீங்க. முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி தேக்கடில இருந்து மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வந்து, அந்தக் குழாய்ல இறங்கி டர்பைனைச் சுத்தும். ஆரம்பத்துல அங்க நாலு மெஷின், ஒவ்வொண்ணும் 35 மெகாவாட். மொத்தம் 140 மெகாவாட். தலைக்கு 100 வாட்னா, அதுக்கு ஈடா 14 லட்சம் பேர் ஒரே நேரத்துல மிதிக்கணும். 2011 கணக்கெடுப்புல தேனி மாவட்டத்தோட மொத்த ஜனத்தொகையே சுமார் 12 லட்சத்து 46 ஆயிரம். அதாவது போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி, கைக்குழந்தை, எங்க அப்பத்தா, எல்லாரையும் சைக்கிள்ல ஏத்தினாலும் பத்தாது. மிதிச்ச உடனே எல்லாருக்கும் பசிக்கும், அது தனிக் கணக்கு. நம்ம உடம்பு சாப்பிட்ட சக்தியில நாலுல ஒரு பங்கைத்தான் மிதிக்கிற வேலையா மாத்தும், மீதி சூடாப் போயிரும். அந்த 0.1 யூனிட்டுக்கு சுமார் 350 கலோரி சாப்பிடணும். ஜெனரேட்டரா பார்த்தா மனுசன் ரொம்ப மோசமான டிசைன்.

பசின்னதும் சாப்பாட்டுக்கு வந்துட்டோம். இது பெரிய ஐட்டம், ஆனா ஜிம் பேச்சுல யாரும் தொட மாட்டாங்க. 2018ல சயின்ஸ் இதழ்ல பூர், நெமெசெக்னு ரெண்டு பேர் எழுதின ஆய்வு ஒண்ணு வந்துச்சு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பண்ணைகளோட தரவைச் சேர்த்து, எந்த உணவுக்கு எவ்வளவு வாயு வெளியாகுதுன்னு கணக்கு. 100 கிராம் புரதத்துக்கு சராசரியா சீஸ்னா 11 கிலோ, கோழிக்கறி 6 கிலோவுக்குப் பக்கம், முட்டை 4 கிலோ சொச்சம், பயறு வகைகள் 1 கிலோவுக்கும் கீழ. இதெல்லாம் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையா மாத்தின எண்கள். உலக சராசரிதான், நம்ம ஊர் நாட்டுக்கோழிக்கு அப்படியே பொருந்தாது.

ஜிம்முக்குப் போறேன்னு தினமும் கூடுதலா 25 கிராம் புரதம் எடுக்கிற ஆளை எடுத்துக்கோங்க. முட்டையா எடுத்தா நாளைக்கு 1 கிலோ, வருஷத்துக்கு 300 கிலோ. பயறா எடுத்தா 60, 70 கிலோவுக்குள்ள முடிஞ்சிரும். அந்த வித்தியாசம் மட்டுமே ட்ரெட்மில்லோட வருஷக் கணக்கைப் போல ரெண்டு மடங்கு. வே புரோட்டீன் டப்பா பத்திக் கேப்பீங்க. அது சீஸ் செய்யும்போது மிஞ்சுற தண்ணில இருந்து எடுக்கிறது. மிச்சத்துல இருந்து வர்ற பொருளுக்கு மாட்டோட மொத்தக் கணக்குல எவ்வளவு பங்கு எழுதுறதுங்கிறதுல ஆளுக்கு ஒரு முறை வெச்சிருக்காங்க, அதனால ஒரே எண் சொல்றவங்களை நம்பாதீங்க. ஆனா அந்தத் தடிச்ச பிளாஸ்டிக் டப்பா உங்க வீட்லதான் இருக்கு, அது உறுதி.

முட்டையை விடச் சொல்லல. நானும் சாப்பிடுறேன். ஆனா தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, நிலக்கடலை விளையுற மாவட்டத்துல இருந்துக்கிட்டு, புரதம்னாலே டப்பாதான்னு நினைக்கிறது கொஞ்சம் வேடிக்கை. எங்க வீட்ல சாயங்காலம் மொச்சை அவிச்சா, அது பேரு சுண்டல். அதையே நான் "போஸ்ட் வொர்க்அவுட்"னு சொன்னப்ப அப்பத்தா பார்த்த பார்வை இருக்கே.

அப்பத்தா பார்வையைப் பத்தி இன்னொண்ணு. நான் சென்னைல ஜிம்முக்கு மாசம் எவ்வளவு கட்டுறேன்னு ஒரு தடவை கேட்டுச்சு. சொன்னேன். "வேர்க்கிறதுக்குக் காசு குடுக்குறியாடா?"ன்னுச்சு. சித்தப்பா பக்கத்துல இருந்து, "தோட்டத்துல மம்பட்டி சும்மாதான் கெடக்கு, வா, காசே வேணாம்"னார். சிரிச்சோம். ஆனா இந்த ஜோக்கை கொஞ்சம் தள்ளி வெச்சுப் பார்க்கணும். "கிராமத்து வேலையே எக்சர்சைஸ்"னு நகரத்துல இருந்து ஒரு ரொமான்டிக் பேச்சு ஓடுது. பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழ நாள் முழுக்க கையைத் தூக்கிட்டே நின்னு கவாத்து பண்றவங்களுக்கும் குலை வெட்டுறவங்களுக்கும் தோள்பட்டை வலிதான் மிச்சம். ஒரே தசைக்கு ஒரே வேலை, ஓய்வு அவங்க கையில இல்ல. அதை உடற்பயிற்சின்னு சொல்றது அவங்க வலியைக் கிண்டல் பண்ற மாதிரி.

ஆனா ஊர்ல நிஜமாவே உடற்பயிற்சின்னு இருந்த விஷயங்கள் உண்டு. தண்டால், பஸ்கி, சிலம்பம், கர்லாக்கட்டை. தென்மாவட்ட கிராமங்கள்ல இளவட்டக்கல்லுன்னு உருண்டையா வழவழன்னு ஒரு கல் கிடக்கும், அதைத் தூக்கித் தோள் வழியா பின்னாடி போடணும். இதுல எதுக்கும் ப்ளக் பாயின்ட் வேணாம். பழசு, பெருமைங்கிறதுக்காகச் சொல்லல. என் கணக்குல பயணம், கரண்ட் ரெண்டு வரிசையும் பூஜ்ஜியமா வர்றது இதுலதான். ஒரு கர்லாக்கட்டை வாங்கினா பேரன் காலம் வரைக்கும் வரும். இளவட்டக்கல்லை மட்டும் யூடியூப் பார்த்துத் தூக்காதீங்க, முதுகு போயிரும்.

சரி, ஷூவும் துணியும். 2013ல எம்.ஐ.டி. ஆட்கள் ஒரு ஜோடி ரன்னிங் ஷூவைப் பிரிச்சு மேஞ்சாங்க. 65 பாகம், 360 படி வேலை, ஒரு ஜோடிக்கு சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதுல மூணுல ரெண்டு பங்கு ஃபேக்டரில தயாரிக்கும்போதே வந்துருது. வருஷத்துக்கு ரெண்டு ஜோடி தேய்க்கிற ஆளுக்கு 28 கிலோ. மத்த எண்களோட வெச்சுப் பார்த்தா சின்னதுதான். ஆனா ஓடாம, கலர் பிடிச்சு வாங்குற மூணாவது, நாலாவது ஜோடிதான் வீண். "மறுசுழற்சி பிளாஸ்டிக்ல செஞ்ச ஷூ"ன்னு வந்தாலும், தயாரிப்பு வேலை அப்படியேதான் இருக்கு. ஓரம் பிஞ்சா கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தைச்சுக் குடுப்பாங்க, உங்க ஏரியாலயும் ஒருத்தர் இருப்பார்.

வேர்வை ஒட்டாத டி-ஷர்ட் எல்லாம் பாலியஸ்டர், நைலான். அதாவது பெட்ரோலியம். துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நூல் துகள் தண்ணில கலக்கும். 2017ல ஐ.யு.சி.என். வெளியிட்ட அறிக்கை, கடலுக்குப் போற முதல்நிலை மைக்ரோபிளாஸ்டிக்ல 35 சதவீதம் செயற்கைத் துணி துவைக்கிறதுல இருந்துதான் வருதுன்னு மதிப்பிட்டுச்சு. கடல் எங்க, நாங்க எங்கன்னு கேப்பீங்க. எங்க ஊர்த் தண்ணி முல்லைப் பெரியாறுல சேர்ந்து, வைகை அணைக்குப் போய், மதுரைக்குப் போகுது. இடையில எத்தனை ஊர் குடிக்குதுன்னு எண்ணிக்கோங்க. இதுக்காக இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா பருத்தி வாங்காதீங்க, அது டபுள் செலவு. இருக்கிறதைக் கிழியுற வரைக்கும் போடுங்க. மெஷினை நிறைச்சு, பச்சைத் தண்ணில, குறைஞ்ச நேரம் ஓட்டுங்க. வாக்கிங் மட்டும் போறவங்களுக்குத் திருப்பூர் பனியனே போதும்.

இதுவரைக்கும் கார்பன். இந்த ரன்னிங் குரூப்போட போஸ்டரை நான் நிறுத்தச் சொன்னதுக்கு முக்கியக் காரணம் கார்பன் இல்ல. யானை.

2023 மே 27. காலைல கம்பம் டவுனுக்குள்ள ஒரு யானை ஓடுது. அரிக்கொம்பன். அந்த வீடியோ உங்க எல்லார் போனுக்கும் வந்திருக்கும். கேரளாவுல சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைச்சு அரிசி தின்னு தின்னு, அரிசியே பேரான யானை. ஏப்ரல் கடைசில அதை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு பெரியாறு புலிகள் காப்பகத்துல விட்டாங்க. ஒரு மாசத்துல மலையிறங்கி நம்ம பக்கம் வந்துருச்சு. கம்பத்துல 144 போட்டாங்க. யானை தாக்கினதுல ஒருத்தர் இறந்தே போனார். அப்புறம் அது சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டங்கள், காட்டோரம்னு சுத்துச்சு. சுருளி அருவிக்குப் போக யாரையும் விடல. ஜூன் 5 அதிகாலை சின்ன ஓவுலாபுரம் பக்கத்துல திரும்பவும் மயக்க ஊசி போட்டு, லாரில ஏத்தி, களக்காடு முண்டந்துறை பக்கம் மேல் கோதையாறு காட்டுல கொண்டுபோய் விட்டாங்க. அந்த ஒன்பது பத்து நாள் எங்க ஊர்ல யாரும் விடிகாலைல தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போகல.

மனுசன் சாப்பாட்டு ருசி ஒரு தடவை பிடிச்சுட்டா காட்டு மிருகம் என்ன ஆகும்ங்கிறதுக்கு அரிக்கொம்பன் பெரிய உதாரணம். சின்ன உதாரணம் தினமும் நடக்குது. அருவிக்கு வர்றவங்க போடுற சிப்ஸ் பாக்கெட், பிரியாணிப் பொட்டலம், எனர்ஜி ஜெல் கவர். உப்பும் இனிப்பும் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை குரங்கு நக்கும், யானை முழுசா முழுங்கும். 2025 மே மாசம் கோவை மருதமலை அடிவாரத்துல ஒரு கர்ப்பிணி யானை இறந்துச்சு. உடற்கூறாய்வுல வயித்துக்குள்ள பிளாஸ்டிக் கழிவு இருந்துச்சு.

சுருளி அருவி சும்மா பிக்னிக் ஸ்பாட் இல்ல. அது வனத்துறை எல்லைக்குள்ள இருக்கு, பின்னாடி முழுக்க மேகமலை. 2021 பிப்ரவரில இருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம உள்ள போறது குற்றம். அனுமதி வாங்கினாலும், விடிகாலை அஞ்சு மணி எந்த நேரம்னு யோசிங்க. நமக்கு அது "கூல் வெதர்". கரடிக்கும் காட்டுமாட்டுக்கும் யானைக்கும் அது தண்ணி குடிச்சுட்டுத் திரும்பிப் போற நேரம். தலையில டார்ச் கட்டிட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கர் போட்டுட்டு நாப்பது பேர் அந்தப் பாதையில ஓடினா, அதுக்குக் கரண்ட் செலவு பூஜ்ஜியம்தான். க்ரீனான்னு கேட்டா இல்ல. இந்த இடத்துல நான் ட்ரெட்மில் பக்கம்.

குரூப்ல ஒருத்தர் சொன்னார், "அப்போ ப்ளாகிங் பண்ணுவோம்டா. ஓடிக்கிட்டே குப்பை பொறுக்குவோம்". நல்ல யோசனைதான். 2016ல ஸ்வீடன்ல எரிக் ஆல்ஸ்ட்ரோம்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, பொறுக்குறதுக்கான ஸ்வீடிஷ் வார்த்தையையும் ஜாகிங்கையும் சேர்த்து அந்தப் பேரு. 2019 அக்டோபர் 12 காலைல பிரதமர் மோடி மாமல்லபுரம் கடற்கரைல குப்பை பொறுக்கிட்டே நடந்தது ஞாபகம் இருக்கும், அதுல இருந்துதான் இந்த வார்த்தை நம்ம ஊர் நியூஸ்ல பிரபலம். உடம்புக்கும் இது நல்ல பயிற்சி. ஒவ்வொரு கவருக்கும் ஒரு ஸ்குவாட். முதுகை வளைக்காம முட்டியை மடக்கிக் குனியணும், பையை அப்பப்ப கை மாத்தணும், தடிச்ச கையுறை போடணும். எங்க ரோட்டுல கவரை விட உடைஞ்ச பீர் பாட்டில்தான் ஜாஸ்தி.

நானும் ஊர்ப் பசங்க அஞ்சாறு பேரும் சுருளி ரோட்டுல லீவு நாள்ல இதைப் பண்றோம். அதுல தெரிஞ்ச விஷயம், பொறுக்குறது சுலபம், அப்புறம் என்ன பண்றதுங்கிறதுதான் கஷ்டம். மூட்டை கட்டி ரோட்டோரம் வெச்சா நாயும் பன்னியும் பிரிச்சிரும். கொளுத்தினா இன்னும் மோசம், நிலத்துல இருந்த நஞ்சைக் காத்துல விடுறோம். அதனால ஓடுறதுக்கு முன்னாடியே ஊராட்சி தூய்மைக் காவலர்கள்கிட்ட பேசி, அவங்க எந்தக் கிழமை, எங்க, எப்படிப் பிரிச்சுக் குடுத்தா எடுப்பாங்கன்னு கேட்டுக்கணும். பாட்டில் தனி, கண்ணாடி தனி, பழைய துணி தனி. ஆமா, துணி. அமாவாசைக்குத் தர்ப்பணம் குடுக்க வர்றவங்க ஈரத்துணியைத் தண்ணிலயே விட்டுட்டுப் போறாங்க. ஊறின வேட்டி என்ன கனம் இருக்கும்னு தூக்கிப் பார்த்தாதான் தெரியும், டெட்லிஃப்ட்டுக்குத் தனியா எடை வேணாம்.

பொறுக்கினதுல பாதி, 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணின ஐட்டம்தான்: பிளாஸ்டிக் கப்பு, கேரி பேக், தண்ணி பாக்கெட். தடை வந்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் கிடைக்குது. இதை அஞ்சு பேர் பொறுக்கித் தீர்க்க முடியாது, கடைல வரவிடாம பண்றது வேற வேலை, அது அதிகாரிகளோட வேலை. குப்பை பொறுக்கினா அந்தப் பொறுப்பு நம்ம தலைக்கு மாறிடக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

இப்ப நாப்பது பேர் பத்து கார் கணக்கு. சென்னைல இருந்து இங்க வந்து போக ஆயிரம் கிலோமீட்டர்னு வைங்க. ஒரு காருக்கு 67 லிட்டர், 153 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பத்து காருக்கு 1,500 கிலோவைத் தாண்டும். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் தினமும் பைக்ல கம்பம் ஜிம்முக்குப் போறானே, வருஷம் 165 கிலோ. அவன் ஒன்பது வருஷம் போறதை இவங்க ஒரு வார இறுதில எரிக்கப் போறாங்க, பத்து கிலோமீட்டர் ஓடுறதுக்கு. இதை ஒரு ஷீட்ல போட்டு குரூப்ல அனுப்பினேன். ரெண்டு மணி நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தர், "சரி, அப்போ வரவே வேணாங்கிறியா?"ன்னு கேட்டார்.

வேணாம்னு சொல்லல. எங்க ஊருக்கு ஆள் வரணும், திராட்சை வாங்கணும். 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, தோட்டத்துலயே வெச்சு விக்கிறாங்க. நான் மாத்திக் குடுத்த திட்டம் இதுதான். 2023 ஜூன்ல இருந்து சென்னை சென்ட்ரல்ல இருந்து போடிக்கு வாரம் மூணு நாள் ரயில் இருக்கு. அதுல ஏறி தேனில இறங்குங்க, அங்க இருந்து கம்பத்துக்கு பஸ். ஓடுறது காட்டுக்குள்ள இல்ல. சுருளிப்பட்டில இருந்து நாராயணத்தேவன்பட்டிப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவுல போற பாதை. தோட்டக்காரங்ககிட்ட முன்னாடியே கேட்டுட்டு, அன்னைக்கு மருந்தடிக்கிற தோட்டத்தை விட்டுச் சுத்திப் போகணும். பன்னீர் திராட்சைக்கு மருந்து நிறைய அடிப்பாங்க, மூச்சு வாங்க ஓடும்போது அதை இழுக்கக் கூடாது. கிளம்புறது விடிஞ்சு, வெளிச்சம் நல்லா வந்த பிறகு. டி-ஷர்ட் அடிக்கிறது கிடையாது, மெடல் கிடையாது, பேப்பர் கப்பு கிடையாது. ஆளுக்கொரு பாட்டில், நடுவுல ரெண்டு இடத்துல பானையில தண்ணி. முடிச்சதும் எங்க வீட்ல மொச்சைச் சுண்டலும் கூழும். அருவிக்குப் போகணும்னா மத்தவங்களை மாதிரி டிக்கெட் எடுத்து, வனத்துறை விடுற நேரத்துல, நடந்து.

ரயில்னு சொன்னதும் நாப்பது பதினேழாச்சு. மெடல் இல்லைன்னதும் பதினாலு. இப்போதைக்கு அந்தப் பதினாலு பேருக்கு டிக்கெட் போட்டாச்சு, போஸ்டர்ல இருந்த இலையையும் எடுத்தாச்சு. அப்பத்தாகிட்ட பதினாலு பேருக்குச் சுண்டல்னு சொன்னேன். "ஓடுறதுக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றாங்க?"ன்னு கேட்டுட்டு, மொச்சை எத்தனை படி ஊறப்போடணும்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சிருச்சு.

அடுத்த வாரம், வீட்டு மாடில சோலார் போடுறது லாபமா நஷ்டமான்னு பேசுவோம். உங்க வீட்டு கரண்ட் பில்லை எடுத்து வெச்சுக்கோங்க.